கருவி விடை சொல்லும், பிள்ளை கற்குமா?



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாத ஆசிரியர் அறை இன்று இல்லை எனலாம். கட்டுரை எழுதித் தருகிறது, கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறது, பாடத்திட்டமும் வகுத்துக் கொடுக்கிறது என்று வியக்கிறோம். இதற்கெனப் பட்டறைகளும் நடைபெறுகின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது கிடைக்கும் என்பதை அங்கே நன்றாகவே கற்பிக்கிறார்கள். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. பிள்ளையின் உள்ளத்தில் கல்வி எவ்வாறு நிகழ்கிறது? இதை அறியாமல் கருவியை மட்டும் அறிந்துகொள்வது, மண்ணின் தன்மையைப் பாராமல் உரம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

என் கருத்து இதுதான்: செயற்கை நுண்ணறிவைப் பள்ளிக்குள் கொண்டுவரும் ஆசிரியர்கள், மனித அறிவைப் பற்றிய நூல்களையும் உடன் படிக்க வேண்டும். படித்ததை எளிய தமிழில் பெற்றோரிடம் கொண்டுசேர்க்க வேண்டும். இது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அன்று. நம் பிள்ளைகளின் கல்வியைக் காக்கும் கடமை.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்? நான் வாழும் ராசா தொடங்கி, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம் வரையில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவை. பெற்றோரில் பலர் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் உழைப்பவர்கள். அவர்களிடமிருந்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. “எனக்கு ஆங்கிலம் தெரியாது, கணினியும் தெரியாது. பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும், டீச்சர்?” இப்பொழுது எதைக் கேட்டாலும் விடை சொல்லும் கருவி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ‘இனி அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்று பெற்றோர் ஓர் அடி பின்வாங்கினால், அந்த ஓர் அடியில்தான் நம் பிள்ளை எல்லாவற்றையும் இழக்கும்.

ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையர்

அறிதிறன் அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் இரட்டைப் பிள்ளைகள். நம் நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பு, 1956ஆம் ஆண்டில், இரண்டும் உருப்பெற்றன. அவ்வாண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி முதலானோர் கூடி, ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயரில் ஒரு துறையைத் தொடங்கி வைத்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி, கணினித் துறையின் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் ஒரே மேடையில் பேசினர். அந்த நாளையே அறிதிறன் அறிவியலின் பிறந்தநாளாக மில்லர் பின்னாளில் குறித்தார்.

ஒரு துறை ‘மனிதன் எப்படி எண்ணுகிறான்’ என்று கேட்டது. மற்றொன்று ‘எண்ணும் பொறியை எப்படிச் செய்வது’ என்று கேட்டது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் பாதிப் பாடமே விளங்கும். நம் பட்டறைகளில் அந்தப் பாதிதான் நடக்கிறது.

இந்த அறிவியல் நமக்கு எட்டாத ஒன்று என்றும் எவரும் எண்ண வேண்டா. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இப்பகுதியில்தான், பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில், உருவானது. செம்பனைக் குலையைப் பழுக்குமுன் வெட்டினால் எண்ணெய் குறையும். மிகப் பழுக்கவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். கருஞ்சிவப்பு எப்பொழுது செம்மஞ்சளாக மாறுகிறது, மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்பதைப் பார்த்த பார்வையிலேயே கணித்து அரிவாளை ஓங்கியவர்கள் நம் தந்தையரும் பாட்டன்மாரும். இதே வேலையைக் கணினிக்குக் கற்பிக்க, இன்று ஆய்வாளர்கள் குலைகளின் ஒளிப்படங்களைப் பெருமளவில் திரட்டிப் பொறிக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். தோட்டத்து மனிதர் மூத்தவர் ஒருவரோடு சில நாள் நடந்தே அதைக் கற்றார். படிப்பறியாதவர் என்று நாம் சொல்பவரின் தலைக்குள்ளும் அறிதிறன் அறிவியல் வியக்கும் செய்தி இருக்கிறது.

பிள்ளைக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் மொழிப்பொறி ஏறத்தாழ 300 பில்லியன் சொற்கூறுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. ஒரு பிள்ளை பதின்மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் 100 மில்லியனுக்கு உட்பட்டவை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. மூவாயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு சிறிதைக் கொண்டு அவ்வளவு பெரிதாய்க் கற்கும் ஆற்றல் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அதை மங்கவிடாமல் காப்பதே நம் வேலை.

விடை கிடைப்பதும் கற்பதும் ஒன்றா?

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவரிடையே நடந்த கணித ஆய்வு ஒன்று 2024ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற கருவியைத் தந்தார்கள். பயிற்சி வேளையில் அக்குழு, கருவி இல்லாத குழுவைவிட 48 விழுக்காடு மேலாகச் செய்தது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அப்பொழுது அதே குழு, கருவியையே தொடாத மாணவரைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தது. விடை கிடைத்தது, கல்வி நிகழவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு குழுவும் இருந்தது. அவர்களுக்குத் தந்த கருவி விடையைச் சொல்லாது. ஆசிரியர்கள் வகுத்தபடி குறிப்பு மட்டுமே கொடுக்கும். அவர்கள் பயிற்சியில் மேலும் சிறந்தார்கள். தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. ஆகவே, கருவியே கேடு என்று கதவடைப்பது என் நோக்கமன்று. கருவியை எப்படி அமைக்கிறோம், யார் அமைக்கிறோம் என்பதே பொருட்டு.

ஏன் இப்படி நிகழ்கிறது? இதற்கு விடை 2006ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர் மாணவரிடம் ஒரு பத்தியைத் தந்தனர். ஒரு சாரார் அதை மீண்டும் ஒருமுறை படித்தனர். மற்றொரு சாரார் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே சற்று முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். உள்ளத்திலிருந்து தேடி எடுக்கும் உழைப்பே நினைவை உறுதியாக்குகிறது. அந்த உழைப்பைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், பிள்ளைக்கு எஞ்சுவது அழகான கையேடு மட்டுமே.

இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. ‘தேர்வில்லாமல் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்’ என்று வருந்துவோர் ஒருபுறம். ‘தேர்வுதான் இல்லையே, எதற்கு வினா?’ என்போர் மறுபுறம். இரு சாராரும் இரண்டு பொருளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் தேர்வு வேறு. பிள்ளை தானே நினைவுகூரத் துணைநிற்கும் வினா வேறு. முன்னது போனதால் இழப்பில்லை. பின்னது போனால் இழப்பு பெரிது. புள்ளியில்லாத, அச்சமில்லாத சிறு வினாக்கள் ஒவ்வொரு நாளும் வகுப்பில் ஒலிக்க வேண்டும்.

காளிக்குப்பம் சொல்லும் பாடம்

நம் பெற்றோருக்கென்றே நடத்தப்பட்டதோ என்று நான் வியக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தென்னிந்தியாவில், ஆழிப்பேரலையால் தாக்குண்ட காளிக்குப்பம் என்னும் தமிழ்ச் சிற்றூரில் சுகதா மித்ரா என்னும் கல்வி ஆய்வாளர் அதை நடத்தினார். சுவரில் பொருத்திய பொதுக் கணினி, அதில் உயிரணுவின் மரபுக்கூறு எவ்வாறு படியெடுக்கப்படுகிறது என்னும் பாடம், எல்லாம் ஆங்கிலத்தில். கற்க வந்தவர்களோ ஆங்கிலம் சரளமாக அறியாத, பத்து முதல் பதினான்கு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள். ஆசிரியர் எவரும் இல்லை.

சில மாதங்களில் அப்பிள்ளைகளின் மதிப்பெண், சுழியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 30 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. அதே பாடத்தை ஆசிரியரிடம் கற்ற அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவரோடு அது ஒப்பிடத்தக்கதாய் இருந்தது. ஆனால், அதற்கு மேல் ஏறவில்லை. பிறகு, பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமான இளம்பெண் ஒருவரை அவர்களோடு இருக்கச் செய்தார் மித்ரா. அப்பெண்ணுக்கும் உயிரியல் தெரியாது. ‘உனக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை, பின்னால் நின்று, அடடா, இதை எப்படிச் செய்தாய், அடுத்தது என்ன என்று பாட்டியைப் போல் கேட்டுக்கொண்டிரு’ என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட வழி. மதிப்பெண் 50 விழுக்காட்டை எட்டியது. தலைநகர் புதுடெல்லியில் தேர்ந்த ஆசிரியரிடம் பயின்ற வசதிமிக்க தனியார் பள்ளி மாணவரின் நிலைக்கு அது சமமாயிற்று.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆய்வைக் கொண்டு ‘ஆசிரியரே தேவையில்லை’ என்று சிலர் முழங்கினார்கள். அது பிழையான முடிவு. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒரே ஊரின் சில பிள்ளைகள். அதைக் கொண்டு உலகக் கல்விக்கே விதி எழுத முடியாது. மித்ராவே தம் கட்டுரைத் தலைப்பில் தாமாகக் கற்றலின் ‘எல்லைகள்’ என்றுதான் குறிப்பிட்டார். நான் அதில் காண்பது வேறு. கணினி மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஓரிடத்தில் நின்றுபோனார்கள். அன்போடு வினவும் ஒரு மனிதர் வந்தபோது மேலேறினார்கள். அந்த மனிதருக்குப் பாடம் தெரியவில்லை என்பது தடையாகவில்லை.

தோட்டத்துத் தாய்மாரே, தந்தையரே! ‘எனக்கு என்ன தெரியும்’ என்று ஒதுங்கும் நீங்கள் இதை எண்ணிப் பாருங்கள். விடை சொல்வது உங்கள் வேலையன்று. அதற்குக் கருவி இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். வினவுவதும் செவிகொடுப்பதுமே உங்கள் வேலை. உங்களுக்கு விளக்கிச் சொல்வதற்காகப் பிள்ளை தன் உள்ளத்தைத் துழாவுகிறது. ரோடிகரின் ஆய்வு சொன்ன அதே உழைப்பு அங்கே இயல்பாக நடக்கிறது. உங்கள் அறியாமை கூட அங்கே பிள்ளைக்கு உதவியாகிறது.

தமிழெழுத்தும் பொறியின் இயல்பும்

படிப்பதால் ஆசிரியருக்குக் கிடைக்கும் இன்னொரு பயன், வீண் அச்சம் நீங்குதல். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் படிக்கத் தடுமாறுகிறது என்று பெற்றோர் கலங்குகிறார்கள். பெங்களூருவைச் சேர்ந்த ஆய்வாளர் சொனாலி நாக், கன்னடம் போன்ற இந்திய எழுத்து முறைகளைக் குழந்தைகள் கற்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைப் போலன்றி, உயிர்மெய் வரிசைகளைக் கொண்ட எழுத்து முறையை முழுதாய் வசப்படுத்தத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர் கண்ட உண்மை. தமிழும் அவ்வகையைச் சேர்ந்ததே. 247 எழுத்துகளைக் கொண்ட முறையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை சற்றுத் தயங்கினால் அது குறையன்று, பாதையின் நீளம். இதை அறிந்த ஆசிரியர் பிள்ளைக்கு முத்திரை குத்த மாட்டார், பயிற்சியைக் கூட்டுவார்.

பொறியின் இயல்பையும் அவ்வாறே அறிய வேண்டும். ‘தமிழ்’ என்பது நம் இலக்கணத்தில் மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ அது ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. மொழிப்பொறி அதையும் தனக்கேற்ற துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. எழுத்தெண்ணிச் சொல்லும் சிறு வினாவில் கூட அது சறுக்குவது ஏன் என்று இதனால் விளங்கும். அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிப்பதே அதன் அடிப்படைத் தொழில். அதனால்தான் இல்லாத நூலை இருப்பதாகவும், ஒருவர் பாடாத பாடலை அவர் பாடியதாகவும் தயங்காமல் சொல்கிறது. செய்யுளும் இலக்கணமும் கற்பிக்கும் நாம், அதன் விடையை மூலநூலோடு ஒப்பிடாமல் வகுப்பில் தருவது தகாது.

பொறியின் பேச்சில் மயங்குவது புதிதுமன்று. 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் ‘எலிசா’ என்னும் சிறு நிரலை உருவாக்கினார். நாம் சொன்னதையே திருப்பி வினாவாக்கும் எளிய வித்தை அது. ஆயினும், அது எப்படி இயங்குகிறது என்பதை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியே உரையாட வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னார். அந்த அதிர்ச்சி வைசன்பாமை 1976ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதச் செய்தது. பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால், பத்து வயதுப் பிள்ளைக்கு?

எவற்றைப் படிக்கலாம்?

ஒரே நூலில் தொடங்க விரும்புவோருக்கு டேனியல் வில்லிங்காமின் ‘ஒய் டோன்ட் ஸ்டூடண்ட்ஸ் லைக் ஸ்கூல்’ (2009) என்பேன். மாணவர் எதைப் பற்றி எண்ணுகிறாரோ அதுவே நினைவில் தங்கும் என்னும் ஒரு கருத்தைக் கொண்டே பாடம் நடத்தும் முறையை அது மாற்றிவிடும். அடுத்து, ரோடிகரும் பிறரும் எழுதிய ‘மேக் இட் ஸ்டிக்’ (2014). வினாவையும் இடைவெளி விட்ட பயிற்சியையும் வகுப்பில் கையாளும் வழிகள் அதில் உள்ளன.

படிப்பு கற்பிக்கும் கீழ்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஸ்டானிஸ்லாஸ் டுஹேனின் ‘ரீடிங் இன் த பிரெய்ன்’ (2009) நூலைப் பார்க்க வேண்டும். அவருடைய ‘ஹவ் வீ லேர்ன்’ (2020) மூளையையும் பொறியையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறது. மூளையின் விந்தைகளை அறிய விரும்புவோருக்கு, தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரனின் ‘ஃபாண்டம்ஸ் இன் த பிரெய்ன்’ (1998) நல்ல விருந்து. கூரிய வடிவத்துக்குக் ‘கிக்கி’, வளைந்த வடிவத்துக்குப் ‘பூபா’ என்று பெயரிடுவதில் அமெரிக்க மாணவரும் தமிழ் பேசுவோரும் ஒத்துப்போகிறார்கள் என்று 2001ஆம் ஆண்டில் எழுதியவரும் அவரே. நாளையே உங்கள் வகுப்பில் இரு படம் வரைந்து இதைச் செய்து பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவுக்கு மெலனி மிட்செலின் 2019ஆம் ஆண்டு நூல் போதும். மிகைப்படுத்தாமல், அச்சுறுத்தாமல், பொறி எங்கே வல்லது, எங்கே அல்லாதது என்று அது விளக்குகிறது.

இவை யாவும் ஆங்கில நூல்கள் என்பீர்கள். ஆம், அதுவே நமக்குள்ள பணி. தமிழைக் கணினியில் ஏற்றிய வரலாற்றில் நம் நாட்டவர் பங்கு பெரிது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கிருந்து எழுந்தது. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அன்று தமிழில் தட்டச்சு செய்யத் துணிந்து கற்ற ஆசிரியர்களுக்கு, இன்று இந்த அறிவைத் தமிழில் எழுதுவது அரிதன்று.

செய்யத்தக்கவை

அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் தொடங்கலாம். மாதம் ஓர் இயல் போதும். படித்த ஆசிரியர் ஒரு பக்கத்தில் தமிழில் சுருக்கம் எழுதட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதைப் பத்து நிமிடம் பேசலாம். எழுத்து வேலைகளுக்கு இடையில் நேரம் ஏது என்று கேட்பவரை நான் அறிவேன், கேள்வி நியாயமானதே. ஆனால், பயனற்ற பயிற்றிகளை அச்சிட்டுத் திருத்தும் நேரத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தித் தருவதும் இந்தப் படிப்புதான்.

பெற்றோருக்குச் சொல்வது இன்னும் எளிது. இரவு உணவு முடிந்ததும் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். “இன்னைக்கு என்ன படிச்ச, அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லு பார்ப்போம்.” “அது ஏன் அப்படி?” “போன வாரம் படிச்சதுல எது ஞாபகம் இருக்கு?” பிள்ளை திணறினால் உடனே கைப்பேசியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சற்றுக் காத்திருங்கள். அந்தத் திணறலில்தான் கல்வி நடக்கிறது. அதற்குப் பின்னும் வரவில்லையென்றால் நூலையோ கருவியையோ பார்க்கட்டும். பார்த்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு மறுபடி உங்களுக்குச் சொல்லட்டும்.

இதற்குக் கட்டணமில்லை, இணையம் வேண்டா, ஆங்கிலமும் வேண்டா. தாய்மொழியும் கால்மணி நேரமும் போதும்.